புள் காத்திருக்காது

வாலிநோக்கத்தில் புல்லே சரியாக முளைக்காது. காலடியில் உப்புப் பூத்த களர், அதைத் தாண்டினால் மணல், அதற்கும் அப்பால் மன்னார் வளைகுடா. நிழல் வேண்டுமென்றால் உடை மரத்தையோ பனையையோ தேடிப் போகவேண்டும். இப்படிப்பட்ட ஊரில், கோல்ஃப் கோலைத் தோளுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம், எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று ஒருவர் பாடம் நடத்தினார். எங்கள் உம்மாவின் தம்பி. எங்களுக்கு மாமா, ஊருக்குக் கொழும்பு மாமா.

எங்கள் கரையில் பையன் ஓதவும் கணக்கெழுதவும் பழகிவிட்டால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வழி சுலபமாகிவிட்டது. போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். வெள்ளைக்காரன் இரண்டு கரையிலும் இருந்த காலத்தில் மாமா அப்படிப் போனார். பொரளையில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் அரிசி நிறுக்க நின்றார். கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கோல்ஃப் திடல். 1879-ல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கிளப், காலிமுகத்திடலை விட்டுவிட்டுப் பொரளைப் பக்கம் வந்து அமைத்துக்கொண்ட இடம். 1928-ல் கிளப்பின் பெயரோடு ‘ராயல்’ சேர்ந்தது. திடலின் நடுவே களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை போகும். ரயில் வந்தால் துரைமார் கோலை ஊன்றிக்கொண்டு நிற்பார்களாம். “ரயிலுக்கு மட்டும்தான் நின்னாங்க, வேற யாருக்கும் நிக்கல” என்பார் மாமா.

கடை லீவு நாளில் அந்தத் திடலில் பை தூக்கப் போய்விடுவார். காசு கொஞ்சம்தான். கடைக்குள் நாள் முழுக்க மிளகாய் மூட்டைக்கு நடுவே தும்மிக்கொண்டு நின்றவருக்கு அந்தப் பச்சை போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அவர் பச்சையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் கைகளைப் பற்றித்தான். எந்தத் துரை எப்படி ஓங்குவார், எந்தத் துரையின் கோல் தலைக்குப் பின்னால் தொங்கிப் போய் முதுகைத் தொடும், அடித்த பந்து எந்தப் பற்றைக்குள் விழும். பந்தைத் தேடி எடுக்கவேண்டியது பை தூக்குகிறவன்தானே. துரை கோலை ஓங்கும்போதே பந்து எங்கே விழும் என்று தெரிந்தால், அந்தத் திசையில் இரண்டு எட்டு முன்னாலேயே நகர்ந்துவிடலாம். அவர் கற்றுக்கொண்டது அந்த இரண்டு எட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அவர் பை தூக்கிய நாளில் திடலில் இரண்டு தலைமுறைக் கோல்கள் இருந்தன. வயதான தோட்டத் துரைமார் சிலர் ஹிக்கரி மரத்தண்டு வைத்த பழைய கோலை விடாமல் வைத்திருந்தார்கள். மற்றவர்களிடம் எஃகுத் தண்டு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-லும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ 1929-லும்தான் எஃகை அனுமதித்தன. 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வாரிக்கொண்ட பாபி ஜோன்ஸ்கூட மரத்தண்டில்தான் ஆடினார். மரத்தண்டு வளையும், முறுக்கிக்கொள்ளும். அவசரப்படுத்தினால் கோலின் முகம் பந்துக்கு வந்து சேரும்போது கோணியிருக்கும். ஆகவே நீளமாக, நிதானமாக, உடம்பையெல்லாம் சுழற்றி ஓங்கவேண்டியிருந்தது. எஃகு அவ்வளவு பொறுமை கேட்பதில்லை. குறைவாக ஓங்கினாலும் தூரம் தரும். கோல் மாறிய பிறகும் ஓங்குகிற பழக்கம் மாறாத துரைமார்தான் அதிகமாகப் பந்தைத் தொலைத்தார்கள் என்பது மாமாவின் கணக்கு. “கையில இரும்பு, நெனப்புல மரம்” என்று சிரிப்பார்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. ரயிலும் போயிற்று. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட ஆரம்பித்தது. அந்தப் பக்கம் வதிவிட அனுமதித் தாளைப் புதுப்பிப்பது ஆண்டுக்காண்டு கடினமாகிக்கொண்டே வந்தது. மாமா ஒருநாள் ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியில் உம்மாவுக்கு ஒரு சேலை, கொஞ்சம் தேயிலை, எங்களுக்கு ஒரு கோல்ஃப் பந்து.

அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அம்மைத் தழும்பு விழுந்த முகமாக அது எங்கள் உள்ளங்கைகளில் நாலைந்து நாள் சுற்றியது. களரில் அடித்துப் பார்த்தோம், எலும்பு மாதிரி எகிறியது. பிறகு எங்களில் ஒருவன், அவன் பெயர் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மீன் அறுக்கும் கத்தியால் தோலைக் கீறிவிட்டான். உள்ளே ரப்பர் நூல். இழுத்துக் கட்டிச் சுற்றிய மெல்லிய நூல், கீறின இடத்தில் அறுந்து சடசடவென்று தெறித்தது. அக்காலத்துப் பந்துகள் அப்படித்தான். நடுவில் ஒரு சிறு உருண்டை, அதைச் சுற்றிப் பல கஜம் ரப்பர் நூல், மேலே ஒரு தோல். நூலைப் பிரித்துப் பிரித்துப் பள்ளிவாசல் முக்கிலிருந்து கடற்கரை வரை இழுத்துக்கொண்டு ஓடினோம். மாமா பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் வரவில்லை. இத்தனை நாள் தூக்கிச் சுமந்த பொருளுக்குள் இதுதான் இருந்ததா என்கிற முகம். “சரி, அது போச்சு. கிட்டிக்கோலை எடுங்க” என்றார்.

கிட்டிப்புள்தான் எங்களுக்கு எல்லாம். கோல் முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல், புள் ஒரு சாணுக்கும் குறைவு, இரண்டு முனையும் சீவியது. உடை மரத்தில் வெட்டியதுதான் நிற்கும். பனை மட்டையில் செய்த கோல் இலேசு, ஆனால் அடிக்கும்போது துவளும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அது. குழியில் குறுக்கே வைத்துக் கெந்திவிட்ட பிறகு, தரையில் கிடக்கும் புள்ளின் முனையில் கோலால் ஒரு தட்டு. எழும்பும். எழும்பியது விழுவதற்குள் அடிக்கவேண்டும். அடித்த தூரத்தைக் கோலால் அளந்து எண்ணுவோம். தோற்றவர்கள் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே குழி வரை ஓடி வரவேண்டும்.

நான் கோலை நீளமாக ஓங்குகிறவன். வலது கை தலைக்கு மேலே போகும், கோல் பின்னால் சாய்ந்து முதுகுப்பக்கம் தொங்கும், இடது குதிகால் எழும்பும். அப்படி ஓங்கினால் பலமாக அடிப்பதாக ஒரு திருப்தி. பெரும்பாலும் கோல் வந்து சேரும்போது புள் தரையில் கிடக்கும். எப்போதாவது பட்டுவிட்டால் பனங்காட்டைத் தாண்டிப் போகும். அந்த எப்போதாவதுதான் ஆளைக் கெடுப்பது. அந்த ஒரு அடியைச் சொல்லிக்கொண்டே மற்ற நாளெல்லாம் தோற்றுக்கொண்டிருக்கலாம்.

மாமா முதலில் வாயால் சொல்லிப் பார்த்தார். “கொறச்சு ஓங்கு மருமவனே.” குறைத்தேன். “இன்னும் கொற.” குறைத்தேன். பாதிதான் ஓங்குகிறேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். பக்கத்தில் நின்றவன் சிரித்தான்; கோல் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்ததாம். தோளுக்குப் பின்னால் நடப்பதைக் கண் பார்க்க முடியாது, கை சொல்வதைத்தான் நம்பவேண்டும். கையோ தன் சௌகரியத்துக்குச் சொல்லும். இன்றைக்குக் காமிரா வைத்துப் படம்பிடித்துக் காட்டும் கோல்ஃப் பயிற்சியாளர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். பாதி என்று நினைத்து ஓங்கினால்தான் முக்கால் அளவில் வந்து நிற்கும். முக்கால் போதும் என்று நினைத்து ஓங்கினால் முழுதாகப் போய்விடும்.

வாய் பலிக்காததால் மாமா வத்தைப் படகுகளைத் தேடிப் போனார். கரையில் பலகை மாற்ற இழுத்துப் போட்டிருந்த ஒரு வத்தைக்கு முதுகைக் காட்டி, ஒரு கை எட்டுகிற தூரத்துக்கும் குறைவாக என்னை நிறுத்தினார். ஓங்கு என்றார். ஓங்கினேன், டொக். கோல் பலகையில் இடித்தது. மறுபடி டொக். விரலெல்லாம் அதிர்ந்தது. வத்தைக்காரர் வந்து சத்தம்போட, மாமா அவருக்குப் பீடி கொடுத்து உட்காரவைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சத்தம் குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தோள் முழுக்கத் திரும்புகிறது, மணிக்கட்டு மட்டும் போன இடத்தில் நின்றுகொள்கிறது, முழங்கை மடங்காமல் நீண்டே இருக்கிறது.

அடுத்த பாடம் துண்டு. தோளில் கிடந்த துண்டை மடித்து என் கக்கத்தில் செருகினார். ஓங்கும்போது துண்டு விழக்கூடாது. விழுந்தால் கை உடம்பை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். பிற்காலத்தில் இதே துண்டு வித்தையை வெளிநாட்டுப் பயிற்சிப் படங்களில் பார்த்தேன். அதில் துண்டு வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. எங்கள் மாமாவின் துண்டில் மீன் வாடையும் பீடி வாடையும் வரும். விழுந்துவிடக்கூடாதே என்பதைவிட, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்ற கவலைதான் எனக்கு.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் பெரிய கண்டுபிடிப்பாகவே நினைக்கிறேன். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. நீ எவ்வளவு நேரம் ஓங்கினாலும் காத்திருக்கும். அதனால்தான் துரைமாருக்கு நீளம் குறையவே இல்லை. தப்பு எங்கே நடந்தது என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரியாது, காற்றைத் திட்டுவார்கள், புல்லைத் திட்டுவார்கள், பை தூக்குகிறவனைத் திட்டுவார்கள். கிட்டியில் அப்படி இல்லை. புள் எழும்பி விழுகிற நேரம்தான் உனக்கு உள்ள நேரம். “துரைமாரையெல்லாம் இங்க கொண்டாந்து ஒரு ஆடி மாசம் கிட்டி ஆடவிட்டா எல்லாம் சரியாயிரும்” என்பார். ஆடிக் கச்சான் அடிக்கும்போது எழும்பின புள் நின்ற இடத்தில் நிற்காது, ஒரு சாண் தள்ளிப் போய்விடும். அந்தக் காற்றில் தோளுக்கு மேல் ஓங்கினவன் ஒருவன்கூட ஜெயித்து நான் பார்த்ததில்லை.

மாமாவுக்குத் தெரியாத ஒரு சங்கதியை நான் பிறகு படித்தேன். ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் உரிய வளரி இருக்கிறதே, மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும் செய்த வளைந்த எறிகோல், அதை எறிய ஒரு வெள்ளைக்காரனுக்குச் சின்ன மருது கற்றுக்கொடுத்திருக்கிறார். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி. 1830-ல் வெளியான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்லியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரையே எதிர்த்து அவர் போருக்குப் போகவேண்டிவந்தது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆயுதத் தடை. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் மற்றவர்களும் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, உருக்குலைந்து நின்ற துரைசாமியைச் சந்தித்ததையும் அந்தப் புத்தகம் சொல்கிறது.

படித்ததும் எனக்கு வளரியின் தூரத்தைப் பற்றி நினைப்பு வரவில்லை. சின்ன மருது அந்த இளம் அதிகாரியின் கையைப் பிடித்து எங்கே நிறுத்தியிருப்பார்? தோளிலா, காதருகிலா? வெல்ஷ் கஜக் கணக்கை எழுதிவைத்தார். கையின் கணக்கு சின்ன மருதுவோடும், பினாங்குக்குக் கப்பலேறினவர்களோடும் போயிற்று. வளரிகள் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. எறியத் தெரிந்த தோள்தான் இல்லை.

வேலை நிமித்தம் சென்னைக்கு வந்த பிறகு உண்மையான கோல்ஃப் கண்ணில் பட்டது, கிண்டியில். குதிரைப் பந்தயத் திடலுக்குள் மெட்ராஸ் ஜிம்கானாவின் ஆடுகளம். வேலி ஓரமாக நின்று பார்ப்பேன். விரட்டுவார்கள், நகர்ந்து இன்னொரு இடத்தில் நிற்பேன். தொப்பை வைத்த ஒருவர் ஓங்கும்போதே இது வலது பக்கம் மரத்துக்குள்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும், அங்கேதான் போகும். வேலிக்கு வெளியே நின்று மாமாவின் இரண்டு எட்டை நானும் எடுத்துவைத்திருக்கிறேன். அந்தப் பந்தயத் திடலின் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. மழைநீருக்குக் குளம் வெட்டினார்கள். கிண்டியிலும் வேளச்சேரியிலும் ஒவ்வொரு ஐப்பசிக்கும் முழங்கால் தண்ணீரில் நடந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை.

டிவியில் பார்க்கும்போது மாமாவோடு மனசுக்குள் வழக்காடுவதுண்டு. ஜான் டேலி என்று ஒரு அமெரிக்கர். கோல் தலைக்குப் பின்னால் போய்த் தரையைப் பார்த்துத் தொங்கும். நான் வத்தைக்கு முன்னால் நிறுத்தப்படுவதற்கு முன்பு ஓங்கியது போலவே. 1991-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஆட வரவேண்டியவர்கள் ஒவ்வொருவராக விலக, ஒன்பதாவது மாற்றாளாக உள்ளே வந்தவர் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனார். இதற்கு என்ன சொல்வீர்கள் மாமா? அப்புறம் ஸ்பெயின்காரர் யோன் ராம். பிறக்கும்போதே வலது பாதம் வளைந்திருந்தவர். கணுக்கால் மற்றவர்களுக்குத் திரும்புகிற அளவு அவருக்குத் திரும்பாது. அதனால் அவர் ஓங்குவது ரொம்பக் குறைவு, தோளை ஒட்டி நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டே 2021-ல் யுஎஸ் ஓப்பனும் 2023-ல் மாஸ்டர்ஸும் ஜெயித்தார். டேலிக்கு மாமா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ராமைப் பார்த்திருந்தால், “அவனுக்கு வத்தை காலுக்குள்ளேயே இருக்கு” என்றிருப்பார்.

எங்கள் களர் போன கதைக்கு வருகிறேன். 1974-ல் தமிழ்நாடு உப்புக் கழகம் அமைந்தது. கடலோர உவர் நிலத்தைப் பயன்படுத்தி, மழை பொய்க்கிற ராமநாதபுரத்து ஜனங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அது. எங்கள் ஊர்ப் பக்கமும் மாரியூர்ப் பக்கமும் பாத்தி கட்டினார்கள். குழி தோண்டி கிட்டி ஆடிய இடத்தில் வரப்பு ஓடியது. புள்ளைத் தேடி நாங்கள் முள் குத்திக்கொண்ட இடத்தில் உப்பு அம்பாரம் வெள்ளைவெளேரென்று நின்றது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால். 2014-ல் ‘அம்மா உப்பு’ என்று கடைக்கு வந்ததே, அது இந்தக் கழகத்து உப்புதான். சென்னையில் ஒரு பாக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எந்தப் பிடி எங்கள் ஆடுகளமோ என்று யோசித்திருக்கிறேன். பாக்கெட்டில் அயோடின் அளவுதான் போட்டிருந்தது.

ஆடுகளம் போனதோடு கிட்டியும் போயிற்று என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். உண்மையில் அதற்கு முன்பே பையன்கள் பனை மட்டையைக் கிரிக்கெட் மட்டையாகச் செதுக்க ஆரம்பித்திருந்தார்கள். புள் கண்ணில் பட்டு ஒரு பிள்ளைக்குப் பார்வை கெட்டதும் உம்மாக்கள் எல்லாம் சேர்ந்து கோல்களை அடுப்பில் வைத்ததும் இன்னொரு காரணம். உடை மரம் நன்றாக எரியும்.

மாமா உப்பளத்தில் காவலாளாகச் சேர்ந்தார், வயதான பிறகு. பாத்தியில் தெளிநீரின் அடர்த்தி இருபத்தைந்து பாகைக்குப் பக்கம் ஏறி உப்பு இறங்கிவிட்டால் வாருபலகை கொண்டு இழுத்து வரப்பில் குவிக்கவேண்டும். நீண்ட மூங்கில் கைப்பிடி, முனையில் குறுக்குப் பலகை. பெண்கள்தான் அதிகம். வெறுங்காலில், உப்பு வெடிப்புக்குள் இறங்க, வெயில் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் அடிக்க நின்று இழுப்பார்கள். மாமா வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு அவர்களுடைய கையைப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்காமல் இருக்கமுடியுமா அவருக்கு? இழுப்பு நீளமாக இருக்கிறது, கை முழுக்க நீட்டி இழுப்பதால் தோள் போகும், பாதி தூரம் நீட்டி அடிக்கடி இழுத்தால் அதே உப்பு வரும், வலி வராது என்று ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னார். கொழும்புத் துரை வந்துட்டார் என்று முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். தோள் வலிக்காரி ஒருத்தி மட்டும் அவர் சொன்னபடி செய்து பார்த்தாளாம். வலி குறைந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டவள், மறுநாள் மறுபடி பழையபடியே நீட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று மாமா கேட்டார்.

“கொறச்சு இழுத்தா வேலை செய்யாத மாதிரி இருக்குன்னு மேஸ்திரி சொல்றாரு அண்ணே” என்றாள்.